வெளியில் நில்லும்

வரலாற்று ரீச்சர் காலமான செய்தி பழைய மாணவிகள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவரிடம் அடி வாங்காதவர்கள்தான் கூடுதலாக உருகியிருந்தார்கள். நானும் அடி வாங்கியதில்லை. எனக்குக் கிடைத்தது "வெளியில் நில்லும்."

உயர்தர வகுப்பு, கலைப்பிரிவு, 1970கள். ஐரோப்பிய மதச் சீர்திருத்தம் நடந்துகொண்டிருந்தது. ரீச்சரின் குறிப்பில் இங்கிலாந்துக்கு ஒரே வாக்கியம்: "ஆண் வாரிசு இல்லாமையால் எட்டாம் ஹென்றி கத்தரீனை விலக்கி ஆன் பொலினை மணக்க விரும்பினான்." அதற்குச் சிவப்பு மையால் கோடு வேறு போட வேண்டும்.

நானோ யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் படித்துவிட்டு வந்திருந்தேன் (1981இல் நூலகத்தோடு அதுவும் சாம்பலாகியிருக்கும்). ஆனுக்கு முன்பே அவள் சகோதரி மேரி அரசனின் காதலியாக இருந்தவள். 1522 மார்ச்சில் அரச சபையில் நடந்த ஒரு களியாட்டத்தில் பச்சை நிறக் கோட்டை ஒன்றைக் கட்டி, எட்டுப் பெண்களை எட்டு நற்குணங்களாக அதில் நிறுத்தினார்கள். மேரி 'பரிவு', ஆன் 'விடாமுயற்சி'. வேடம் பிரித்துக் கொடுத்தவர் ஆளறிந்தவர்.

எழுந்து கேட்டேன்: "ரீச்சர், அண்ணனின் விதவையான கத்தரீனை மணந்தது பாவம் என்று பைபிளின் லேவியராகமத்தைக் காட்டி விலக்குக் கேட்டவர், அக்காவோடு இருந்துவிட்டுத் தங்கையை மணப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?"

பின்வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தாள். ரீச்சர் சோக்குக் கட்டியை மேசையில் வைத்து, விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "நல்ல வீட்டுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? வெளியில் நில்லும்."

விறாந்தையில் நின்றேன். தையல் பாடத்துக்கு வரிசையாகப் போன எட்டாம் வகுப்பில் என் தங்கையும் இருந்தாள். நான் வீடு போய்ச் சேருமுன்பே அம்மாவுக்குச் செய்தி போயிருந்தது.

ரீச்சர் ஏன் அப்படிக் கொதித்தார் என்பதற்கு நம்மிடம் ஒரு கதை இருந்தது, அவருடைய தங்கையின் கலியாணத்தைப் பற்றி. அதை இங்கே எழுதப்போவதில்லை. தெரியாதவர்கள் இந்தச் சங்க மலரை வாங்கப்போவதுமில்லை.

அடுத்த கிழமை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு மடித்த தாள் ஒன்றைத் தந்தார். அந்த முத்துமுத்தான கையெழுத்தில்: 1527, பாப்பரசர் ஏழாம் கிளெமெந்து, சகோதரியால் வரும் தடையை நீக்க ஹென்றி கேட்ட அனுமதி. அதாவது, என் கேள்வி ஹென்றிக்கே இருந்திருக்கிறது. "கேள்வி சரி. கேட்ட இடம் பிழை" என்றார். பரீட்சையில் அது வரவில்லை.

1984இல் லண்டன் வந்தேன். விருந்தினர் வந்தால் கோபுரக் கோட்டைக்குத்தான் கூட்டிப்போவோம்; 1536 மே 19 அன்று ஆனின் தலையைக் கலேயிலிருந்து வந்த வாள்காரன் வெட்டிய இடம். மேரியைத் தேடி எவரும் வருவதில்லை. விதவையான பின் 1534இல் வில்லியம் ஸ்டாஃபர்ட் என்ற வசதியற்ற போர்வீரனை இரகசியமாக மணந்தாள்; அரசியான தங்கை அவளைச் சபையை விட்டே துரத்தினாள். கிறித்தவ உலகின் மிகப் பெரிய அரசியாக இருப்பதைவிட இவரோடு பிச்சையெடுத்து உண்பேன் என்று அரசனின் அமைச்சர் குரொம்வெல்லுக்கு எழுதினாள். 1543 வரை இருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவனை விரும்பினார்கள் என்று நாம் விடுதியில் கதையளந்தோம். விரும்பியவன் அரசன், மறுத்திருந்தால் அந்தக் குடும்பம் என்னவாகியிருக்கும் என்பதை நாம் யோசிக்கவேயில்லை.

ரீச்சர் எங்கும் போகவில்லை. 1995 போர்க்கால இடப்பெயர்வில் தென்மராட்சி வரை போனவர், வழி திறந்ததும் திரும்பி வந்துவிட்டாராம். நாம் போன வேகத்தில் அவருக்கு வகுப்பில் கேள்வி கேட்கப் பிள்ளைகள் மிஞ்சினார்களோ என்னவோ. இங்கே நான் என்ன கேட்டாலும் ஒருவரும் வெளியில் நிற்கச் சொல்வதில்லை. அடுத்த கிழமை தாளோடு வருவதுமில்லை.

சங்கம் அவர் பெயரில் நன்னடத்தைப் பரிசு ஒன்று வைக்கப்போகிறதாம். வரலாற்றுக்கு வையுங்கள் என்று செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். மாற்றாவிட்டாலும் என் பங்குப் பணம் வரும்.