கப்பலில் அம்மாவும் அப்பாவும்

ஜூன் 2, குத்தாலம்

அக்கா டிக்கெட் போட்டுவிட்டாள். சென்னையில் ஏறி, இலங்கைத் துறைமுகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றுலாக் கப்பல். ஊரில் யாரிடம் சொன்னாலும் ஒரே கேள்விதான்: “நாலு பக்கமும் தண்ணி, போரடிக்காதா?” அம்மாவுக்கு அந்தக் கவலை கிடையாது. அப்பாவுக்கு உண்டு. பம்புசெட் தண்ணீரில் குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறோம், இந்த நேரத்திலா என்கிறார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் இரவில் ஓடும், காலையில் ஒரு துறைமுகத்தில் நிற்கும். நடுவில் கரையையே தொடாத நாளும் வரும். கடல் நாள் என்கிறார்கள். எல்லோரும் பயப்படுவது அந்த நாளை நினைத்துத்தான்.

ஜூன் 5

இருவரும் நேற்றே சென்னைக்குப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நாகூர் மாமா வந்திருந்தார், தாத்தா காலத்துப் பழக்கம். சின்னப் பையனாக ‘ரஜூலா’வில் பினாங்கு போனவர். 1926இல் கட்டிய கப்பல், 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. நாகையில் கப்பல் கரைக்கு வராதாம். தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, படகில் போய் ஏற வேண்டும். மேல்தளத்தில் பாய் விரித்து இடம் பிடித்துக்கொண்டால் பினாங்கு வரும்வரை அதுதான் வீடு.

போரடித்ததா என்று கேட்டேன். முதல் நாள் வாந்தி, மயக்கம். அப்புறம் பக்கத்துப் பாய்க்காரர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்களாம். “போற எடத்துல வேல கெடைக்குமான்னு எல்லாருக்கும் கவல தம்பி. கவல இருக்கறவனுக்கு ஏது போரு?” என்றார்.

அவர் போன பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். உல்லாசத்துக்காகவே கடலில் போகும் வழக்கம் பரவியதில் ஜெர்மனிக்காரரான ஆல்பர்ட் பாலினுக்குப் பெரிய பங்கு உண்டு. குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடக்க ஆள் குறைவு, கப்பல் சும்மா நிற்கிறது. அதனால் 1891இல் ‘அகஸ்டா விக்டோரியா’வை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பி, ஊர் ஊராக நிறுத்திக் காட்டினார். அன்று ஊர் பார்ப்பதுதான் கவர்ச்சி. இன்று கப்பலையே ஊராக்கிவிட்டார்கள். 2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 20 தளங்கள் கொண்டது. நீச்சல் குளமே 7 இருக்கிறது. இவ்வளவையும் கட்டியதற்கு அந்தக் கடல் நாளின் பயமும் ஒரு காரணமாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

ஜூன் 8

திருகோணமலையிலிருந்து அப்பாவின் போன். கடல் நடுவே சிக்னல் இல்லை, கப்பலின் வைஃபைக்குத் தனியாகக் காசு. அதனால் கரையைத் தொட்டதும் கூப்பிட்டிருக்கிறார். முதல் கேள்வி: “மேட்டூர்ல எத்தன அடி நிக்குது?” அடுத்தது நாற்றங்கால். அதற்கடுத்தது பசு. கப்பல் எப்படி என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது. “எவ்வளவு நேரம்ப்பா சுத்திச் சுத்தி நடக்கறது” என்றார்.

அம்மாவிடம் கொடுங்கள் என்றேன். “அவ மேல உக்காந்திருக்கா. எறங்க மாட்டேங்கறா.”

ஜூன் 11

வந்துவிட்டார்கள். இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்பாவுக்குப் பிடித்தது, ஏறியதும் எல்லோரையும் கூட்டி நடத்திய பாதுகாப்புப் பயிற்சி. அதை வரிசை மாறாமல் சொன்னார். மேஜிக், நடனம் எல்லாம் ஒரு தடவை பார்த்தாராம், போதும் என்றாகிவிட்டது. சாப்பாட்டு வரிசையில் நிற்பது பிடிக்கவில்லை. அறையில் ஜன்னல் இல்லை. செலவைக் குறைக்க அக்கா உள் அறையாகப் போட்டிருக்கிறாள். விடிந்ததா இல்லையா என்றே தெரியாத அறையில், விடியலுக்கு முன்பே வயலுக்குப் போகிறவர் என்ன செய்வார்? போகிறவர்கள் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் மட்டும் பிடிக்க வேண்டாம்.

அவருக்கு நன்றாகப் போனது ஒரே ஒரு மாலைதான், அதுவும் கடல் நாளில். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவர் அகப்பட்டிருக்கிறார். 2018 கஜா புயலில் சாய்ந்த மரங்கள், அதற்குப் பின் வைத்த கன்றுகள், இப்போது எது காய்க்கிறது என்று பேச்சு. அதைச் சொல்லும்போதுதான் அப்பா முகத்தில் களை வந்தது.

அம்மாவின் கதை வேறு. முதல் நாள் வழக்கம்போல நாலரைக்கே விழிப்பு. எழுந்து உட்கார்ந்தாளாம், செய்வதற்கு ஒன்றும் இல்லை. டிகாக்‌ஷன் போட வேண்டாம், வாசல் தெளிக்க வேண்டாம், பாலுக்கு ஆள் வரமாட்டான். மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்து கடலையே பார்த்திருக்கிறாள். “மத்தியானம் என்ன சமைக்கறதுங்கற நெனப்பே வரல தம்பி. கல்யாணமானதுலேருந்து அப்படி ஒரு நாள் இருந்ததில்ல.” பக்கத்து நாற்காலிப் பெண்மணி, போரடிக்கிறது, எப்போது கரை வரும் என்று கேட்டாராம். அம்மாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு மனசு கனத்தது. ஒரே கப்பல், ஒரே சாப்பாடு, ஒரே கடல். அப்பா விட்டுப்போன வேலை அவருக்குப் பிடித்த வேலை. மழையானாலும் வெயிலானாலும் மடையைப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. அம்மா விட்டுப்போனதோ ஓய்வே இல்லாத வேலை. அவளிடம் பிடித்திருக்கிறதா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கப்பலில் எத்தனை குளம், எத்தனை ஷோ என்று விசாரிப்பதைவிட, போகிறவர் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று விசாரித்தால் போரடிக்குமா என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஜூன் 14

முந்தாநாள் மேட்டூர் திறந்தாகிவிட்டது. கல்லணைக்கு வந்து, பிறகு நம் வாய்க்காலுக்கு வர இன்னும் நாளாகும். அப்பாவோ இப்போதே மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நிற்கிறார்.

காலையில் காபி நான் போட்டேன். அம்மா குடித்தாள். சர்க்கரை தூக்கல் என்றாள்.

அடுத்தது மும்பையிலிருந்து லட்சத்தீவு போகும் கப்பல் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். தை, மாசியில், அறுவடை முடிந்ததும் போகலாம் என்றேன் அப்பாவிடம். “எனக்கு ஒரு தடவ போதும். அவளும் ஒன் சித்தியும் போயிட்டு வரட்டும்” என்றார். சித்திக்குப் போன் போட்டுவிட்டோம், உடனே சரி என்றாள். ஜன்னல் உள்ள அறை, கடல் நாள் அதிகம் உள்ள பயணமாகப் பார் என்று அக்காவுக்கு எழுதியிருக்கிறேன்.