சட்டை வேலூரில், பொத்தான் பர்மிங்காமில்

வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஊரில் 'பிரெஞ்சு கஃப்' (மடித்துப் போடும் கைமுனைப் பட்டி) என்று சொல்வது இங்கே கடைகளில் 'டபுள் கஃப்' என்ற பெயரில் தொங்கும். பெயர் தெரியாமல் எடுத்துவந்து, வீட்டில் பிரித்த பிறகுதான் கையில் பொத்தானே இல்லை என்று கவனிப்பவர்கள் உண்டு. அது தையல் குறை அல்ல. நீளமான பட்டியைத் திருப்பி மடித்து, நாலு காஜாவையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, கஃப்லிங்க் என்ற தனிப் பொத்தானால் மாட்ட வேண்டிய சட்டை அது.

இது எல்லோருக்கும் தேவைப்படாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலிருந்து வரும் டாக்டர்களும் நர்ஸுகளும் வார்டுக்கு இதைப் போட்டுப் போகவே முடியாது. 2007-ல் வந்த இங்கிலாந்துச் சுகாதாரத் துறை வழிகாட்டுதல்படி, நோயாளிகளைத் தொடும் இடங்களில் முழங்கைக்குக் கீழே சட்டைத் துணியும் கூடாது, வாட்ச்சும் கூடாது. ஐ.டி. வேலைக்கு வருகிறவர்களின் அலுவலகங்களில் டி-ஷர்ட்டே அதிகம். கல்யாணம், அழைப்பிதழில் 'பிளாக் டை' (கறுப்பு போ டையும் கோட்டும் போட்டு வர வேண்டும்) என்று போட்ட விருந்து, வக்கீல் அல்லது வங்கி வேலை நேர்காணல், இவ்வளவுதான் இதற்கான இடம். இரண்டு சட்டை போதும். அந்த இரண்டையும் ஊரிலேயே தைத்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனம், ஏனென்றால் இங்கே அளவெடுத்துத் தைக்கக் கேட்கும் கூலியில் ஊரில் நல்ல துணியே எடுத்துவிடலாம்.

ஆனால் டெய்லரிடம் "பிரெஞ்சு கஃப் வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் கெட்டுப்போகும். அளவோடு சொல்ல வேண்டும். துணியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பருத்தி முதல் சலவையிலேயே கையைச் சுருக்கிவிடும். பட்டி விரித்த நிலையில் 5½ அங்குலம், மடித்தால் 2¾. மேலே வரும் பாதி உள்பாதியைவிட ஒரு நூல், அதாவது ⅛ அங்குலம், நீண்டிருந்தால் உள் தையல் வெளியே எட்டிப் பார்க்காது. பட்டியின் நீளம் மணிக்கட்டுச் சுற்றளவோடு 2½ அங்குலம். மாட்டிய பிறகு இரண்டு விரல் உள்ளே போக வேண்டும், பட்டி கட்டைவிரலைத் தாண்டிக் கழன்று வரக் கூடாது. வாட்ச் கட்டும் கைக்கு மட்டும் அரை அங்குலம் கூட்டுங்கள். இதை நீங்களாகச் சொல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அதிகம் சொதப்புவது காஜாவில்தான். ஒரு கைக்கு நாலு, சட்டைக்கு எட்டு. ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே வர வேண்டும். பட்டியை விரித்துவைத்து ஸ்கேலால் குறித்தால் மடிக்கும்போது ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போய்விடும், பிறகு கஃப்லிங்க் கோணலாகத்தான் நிற்கும். மடித்து, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, ஒரு குண்டூசியை நாலு அடுக்கிலும் குத்தி இறக்கி, குத்திய இடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, காலருக்கு வைக்கிற கனத்த கேன்வாஸை இதற்கும் வைத்துவிடுவார்கள். மடிப்பு படியாமல் தப்பைபோல் விறைத்துக்கொண்டு நிற்கும். மெல்லியதாக ஒரே அடுக்கு போதும். கைப்பிளவில் வைக்கும் சின்னப் பொத்தானை விட்டுவிட வேண்டாம், அது இல்லாவிட்டால் கை ஓட்டை வாயைப் பிளக்கும்.

மாட்டும் விதம். சாதாரண சட்டைபோல ஒரு முனை மேல் ஒரு முனையை ஏற்றக் கூடாது. கைகூப்பும்போது உள்ளங்கைகள் ஒட்டுவதுபோல இரண்டு முனைகளின் உட்பக்கங்கள் ஒட்ட, விளிம்புகள் வெளியே நீட்டி நிற்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கஃப்லிங்கின் முகம் உடம்புக்கு எதிர்ப்பக்கம், வெளியே பார்க்கும். வெளிப்பக்கத்திலிருந்து தண்டைச் செருகி, நாலு காஜாவையும் தாண்டியதும் குறுக்குக் கட்டையைத் திருப்ப வேண்டியதுதான். தோட்டுக்குத் திருகாணி எப்படியோ அப்படித்தான் இதற்கு அந்தக் கட்டை. பழக்கமில்லாத கையால் மாட்டுவதுதான் சிரமம், அதனால் வலது கைக்காரர்கள் வலது மணிக்கட்டை மேசையில் அழுத்திக்கொண்டு மாட்டுவது நல்லது. கோட்டைப் போட்ட பிறகு ஆரம்பித்தால் வியர்த்துவிடும். கோட்டுக் கைக்குக் கீழே சட்டை அரை அங்குலம் தெரிந்தால் போதும்.

இனி கஃப்லிங்க். புதிதாக வாங்காதீர்கள் என்பது எங்கள் கட்சி. பரிசுப்பெட்டியில் வரும் புதியவை பெரும்பாலும் பித்தளைமேல் முலாம்தான், திருகும் இடத்தில் முதலில் தேயும். சனிக்கிழமை லண்டன் போர்ட்டபெல்லோ சாலைச் சந்தை, ஞாயிற்றுக்கிழமை கார் பூட் விற்பனை (கார் டிக்கியில் வைத்துப் பழைய பொருள் விற்பது), தெருமுனை சாரிட்டி கடை (நன்கொடையாக வந்த பழைய பொருள் விற்கும் கடை), இங்கெல்லாம் பழைய வெள்ளி ஜோடிகள் கிடைக்கும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

பின்பக்கத்தில் வரிசையாகச் சின்ன முத்திரைகள் இருக்கும். நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. நங்கூரம் பர்மிங்காமில் சோதித்தது. அந்த ஊரில் கடல் இல்லையே என்று குழம்ப வேண்டாம், 1773-ல் அங்கே வெள்ளியின் தரம் பார்த்து முத்திரையிடும் சோதனை அலுவலகம் தொடங்கியதிலிருந்து அதுதான் சின்னம். சிறுத்தைத் தலை லண்டன், கோட்டை எடின்பரோ. கூடவே வரும் தனி எழுத்து ஆண்டைச் சொல்லும். 1999-லிருந்து அது கட்டாயமில்லை. 7.78 கிராமுக்குக் குறைந்த வெள்ளிக்கு முத்திரையே கட்டாயமில்லை என்பதால், முத்திரை இல்லாத மெல்லிய ஜோடி எல்லாம் போலி என்று ஒதுக்கவும் முடியாது. 'இ.பி.என்.எஸ்.' (EPNS) என்று இருந்தால் அது வெள்ளிமுலாம். காந்தம் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: குறுக்குக் கட்டைக்குள் எஃகு ஸ்பிரிங் இருந்தால் நல்ல வெள்ளியும் ஒட்டும். முகத்தில் வைத்துப் பாருங்கள்.

தங்கத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு மனக்கசப்பு வரும். இங்கே பழைய தங்க ஜோடிகளில் பல 9 கேரட், முத்திரையில் 375. 916 பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தங்கமாகவே தோன்றாது, வேலூர் அடகுக் கடையிலும் மதிக்க மாட்டார்கள். போடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 9 கேரட் உறுதியானது, எளிதில் தேயாது.

வாங்குமுன் இரண்டின் ஆண்டெழுத்தும் ஒன்றா என்று பாருங்கள். வேறு வேறாக இருந்தால் பெரும்பாலும் தொலைந்த ஒன்றுக்கு ஜோடி சேர்த்திருக்கிறார்கள். சங்கிலி வகையில் வளையங்கள் ஒன்றையொன்று உரசும் இடம் நூலாய் மெலிந்திருக்கும். ஒட்டுப் போட்ட இடத்தில் சாம்பல் நிறக் கட்டி தெரிந்தால் அது ஈயப் பற்று, விட்டுவிடுங்கள். குறுக்குக் கட்டை திருப்பிய இடத்தில் டக்கென்று நிற்காமல் தொளதொளத்தால் கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குள் விழும்.

ஆம்பூரில் செய்த தோல்பெட்டியில் வெள்ளியைப் போட்டுவைக்க ஆசை வரும். வேண்டாம். முடி நீக்கத் தோலைச் சுண்ணாம்போடு சேர்த்து ஊறவைக்கும் சல்ஃபைடை அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். ரப்பர் பேண்டும் அப்படித்தான். ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் உறை போதும். கறுத்தால் அலுமினியத் தாள் மேல் வைத்துச் சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றினால் போய்விடும். முத்துச்சிப்பி, எனாமல், கல் பதித்தவற்றை மட்டும் அதில் போடக் கூடாது, பசை விட்டுப்போகும். அவற்றுக்கு ஈரத்துணி, உடனே உலர்துணி.

சலவைக்குப் போடும்போது பட்டியைப் பிரித்துப் போடுங்கள். கஞ்சி போட்டால் காஜா ஒட்டிக்கொள்ளும், மொட்டைக் குச்சியால் திறந்துவிட்டு மாட்டுங்கள். பட்டியை விரித்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு இஸ்திரி போட்டு, மடிப்பைக் கையால் உருட்டிவிட்டால் போதும். மடிப்பின் மேல் பெட்டியை அழுத்தினால் அந்தக் கோட்டில்தான் நூல் முதலில் அறும். எப்படிப் பார்த்துக்கொண்டாலும் சில வருடத்தில் அங்கே நைந்துதான் போகும், அதனால் தைக்கும்போதே அதே துணியில் அரை மீட்டர் மிச்சம் வாங்கி, சட்டையோடு சேர்த்து நனைத்துப் பெட்டியில் வைத்திருங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகையில் அந்த டெய்லரிடமே கொடுத்தால் புதுப் பட்டி வைத்துத் தருவார்.