பல்பு எரியாத ஒயர்

ஸ்டார்ட்-ஸ்டாப் (வண்டி நின்றால் இன்ஜினைத் தானே அணைத்து, கிளம்பும்போது தானே ஸ்டார்ட் செய்யும் வசதி) வேலை செய்யவில்லை, பேட்டரி விளக்கு அவ்வப்போது எரிகிறது என்று வந்த கார் அது. ஸ்கேனரை மாட்டினால், பேட்டரி சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை என்றது. நெகட்டிவ் டெர்மினலில் உட்காரும் சின்னப் பெட்டிதான் சென்சார். அதற்குள் கரண்டை அளப்பதற்காக இருக்கும் ஷன்ட் என்ற சின்ன உலோகத் துண்டின் மின்தடை பொதுவாக 100 மைக்ரோ ஓம் அளவுதான். 10 ஆம்பியர் ஓடினால் 1 மில்லிவோல்ட் கிடைக்கும். அதை வைத்துத்தான் பேட்டரிக்குள் போவதையும் வருவதையும் கணக்குப் பார்க்கிறது. அதற்கு வரும் ஒயர் இரண்டே இரண்டு: சப்ளை தரும் பேட்டரி பாசிட்டிவ் ஒன்று, காரின் கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பும் லின் லைன் ஒன்று. எர்த், டெர்மினலைப் பிடித்திருக்கும் கிளாம்ப் வழியாகவே கிடைத்துவிடும்.

கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன். சப்ளை 12.4 வோல்ட். லின் லைனிலும் ஏறத்தாழ அதே அளவு, எர்த்தோடு ஷார்ட் ஆகவில்லை. ஒயரிங் சரி, சென்சார்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதியதை மாட்டினேன். விளக்கு அணைந்தது.

ஒரே வாரத்தில் கார் திரும்பி வந்தது, அதே கோளாறோடு.

என் தவறு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. மல்டிமீட்டர் ஒயரிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றுமே இழுக்காது; அதன் உள்தடை 10 மெகா ஓம். செப்பு முழுக்க அரித்து ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது 12.4 என்றுதான் காட்டும். இந்த முறை சப்ளை ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே, கரண்ட் இழுக்கட்டும் என்று 5 வாட் பல்பு ஒன்றை வைத்தேன். பல்பின் இழை லேசாகக்கூடச் சிவக்கவில்லை. மீட்டரில் 1 வோல்ட்கூட இல்லை.

ஒயரை விரலால் உருட்டிக்கொண்டே போனேன். கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓரிடம் தொளதொளவென்று மடங்கியது. டேப்பைப் பிரித்தால் இன்சுலேஷனில் ஊசித் துளை. முன்பு யாரோ சோதிப்பதற்காகக் குத்தியிருக்க வேண்டும். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே செப்பு பச்சைக் களிம்பாகிப் பொடியாக உதிர்ந்தது. புது சென்சாரை மாட்டும்போது நான் ஒயரை அசைத்ததில் மிச்ச இழைகள் ஒரு வாரம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஒயரைக் குத்திச் சோதிக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. அன்றோடு விட்டேன், இப்போதெல்லாம் கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய பின்னைச் செருகித்தான் அளக்கிறேன்.

கெட்ட பகுதியை வெட்டி, நல்ல செப்பு தெரியும்வரை பின்னுக்குப் போய்ப் புது ஒயர் சேர்த்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. அப்புறம் புது சென்சாரைக் கழற்றிவிட்டு, ஒதுக்கி வைத்திருந்த பழையதையே மாட்டினேன். ஸ்கேனரில் உடனே பேசியது. ஹெட்லைட்டைப் போட்டேன், கரண்ட் மைனஸ் 10 ஆம்பியரைத் தொட்டது (மைனஸ் என்றால் பேட்டரியிலிருந்து வெளியே போகிறது). அணைத்ததும் இறங்கியது. புது சென்சாருக்கு வாங்கிய பணத்தை வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன்.