ஸ்பான்ஜ கழுவினதுக்கப்புறம்

மே 4
தொட்டி லைட் போட்டதும் மீன் ரெண்டும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. பசின்னு நெனச்சு இரை போட்டேன். தொடல.

மே 5
டெஸ்ட் கிட்ல அமோனியா மஞ்சளா இருக்கணும், பச்சையா வருது. கார்டு பக்கத்துல வச்சுப் பாத்தா 1 பிபிஎம். வியாழக்கிழமை பில்டர் ஸ்பான்ஜ மெட்ரோ வாட்டர் குழாயடில காட்டி வெள்ளையாகுற வரைக்கும் கழுவினேன், அதான். வழவழன்னு ப்ரௌனா இருந்தத அழுக்குன்னு நெனச்சுட்டேன், அதுல இருந்த பாக்டீரியாதான் மீன் கழிவுல வர்ற அமோனியாவ நைட்ரைட்டாக்கி அப்புறம் நைட்ரேட்டாக்குது, குளோரின்ல எல்லாம் போயிருக்கும். தொட்டித் தண்ணியவே வாளில எடுத்து அதுல ரெண்டு தடவ பிழிஞ்சிருந்தா போதும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கெளம்புறப்ப தண்ணி மட்டும் மாத்துங்கன்னுதான் அவ சொல்லிட்டுப் போனா.

மே 6
36 வாரம். அவகிட்ட சொல்லல.

மே 8
கொளத்தூர் போனேன். கடைக்காரர் மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு நீல மருந்து விடச் சொல்றாரு. முடியாதுன்னு ஆன்டி குளோரின் மட்டும் வாங்கிட்டு வந்தேன். மிச்சம் மீதி பாக்டீரியா இருந்தா அதையும் நானே கொல்லணுமா? 120 லிட்டர்ல தெனமும் 30 லிட்டர் மாத்துறேன். இரை நிறுத்தியாச்சு.

மே 10
தண்ணி 31 டிகிரி, பிஎச் 8. பிஎச் 7ல இருக்குறதவிட 8ல அதே அமோனியா கிட்டத்தட்ட பத்து மடங்கு விஷம், சூடு ஏற ஏற இன்னும் மோசம், ஆக்ஸிஜனும் கொறையும். ராத்திரி கரண்ட் வேற போச்சு. ஏர் பம்ப் நின்னதும் மீன் ரெண்டுல ஒண்ணு, கருப்பி, மூலைல சாஞ்சுருச்சு, மக்ல தண்ணிய மோந்து ஒரு அடி மேல இருந்து ஊத்திக்கிட்டே இருந்தேன், மோந்து மோந்து ஊத்தி ரெண்டு மணி நேரம், தோள்பட்டை மரத்துப்போச்சு, நிறுத்தினா செத்துரும்னு பயம். கரண்ட் வந்தப்ப மணி மூணேகால்.

மே 11
அவளுக்கு பிபி 140/90ஆம். கால் வீங்கியிருக்காம். இன்னிக்கு நாலு தடவ தண்ணி டெஸ்ட் பண்ணிட்டேன்.

மே 13
பெரம்பூர் நண்பன் அவன் தொட்டில ஓடிட்டு இருந்த ஸ்பான்ஜ் ஒண்ண அப்படியே தண்ணியோட கவர்ல போட்டுக் குடுத்தான். காயாம கொண்டு வந்து மாட்டிட்டேன். இத யாரும் தொடக்கூடாது, நான்கூட.

மே 15
அமோனியா 0.25. ஆனா நைட்ரைட் ஊதா காட்டுது. இது வரும்னு தெரியும், நைட்ரைட்ட நைட்ரேட்டாக்குற ரெண்டாவது பாக்டீரியா மெதுவாத்தான் வளரும். நைட்ரைட் ரத்தத்துல கலந்தா தண்ணில ஆக்ஸிஜன் இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டும், உப்பு இருந்தா அது செவுள் வழியா உள்ள போறது கொறையும். அயோடின் இல்லாத கல்லுப்பு 120 கிராம் கரைச்சு கொஞ்சங்கொஞ்சமா விட்டேன்.

மே 16
பிபி 130/80.

மே 17
சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் "கருப்பி சாப்பிடுதா?"ன்னா.

மே 19
அமோனியா சுத்தமா மஞ்சள்! நைட்ரைட்டும் வெளுத்துட்டு வருது. கருப்பி நாலு உருண்டை சாப்பிட்டுது, வீடியோ எடுத்து அனுப்பினேன், இன்னும் பாக்கல.

மே 19, ராத்திரி
அத்தை போன். அட்மிட் பண்ணிட்டாங்களாம், மாப்ள உடனே கெளம்புங்கன்னாங்க. திருநெல்வேலிக்கு பத்தரை பஸ் இருக்கு. ரெண்டு வாளி தண்ணி புடிச்சு ஆன்டி குளோரின் விட்டு வச்சிருக்கேன், சாவி எதிர்வீட்டுத் தம்பிகிட்ட. ஸ்பான்ஜத் தொடாதன்னு தொட்டில பேப்பர் ஒட்டி