ரைட்டர் வேண்டாம், கணினியில் எழுதுகிறேன் என்று கேட்டபோது

செமஸ்டர் தேர்வு முடிந்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் பாதி மறந்துபோகும்.

நான் காரைக்குடியில் பி.ஏ. வரலாறு படிக்கிறேன், தமிழ்வழியில். முழுப் பார்வையிழப்பு. மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டை பள்ளிக்காலத்திலேயே வாங்கியாயிற்று. அரசு தரும் திறன்பேசிக்குச் சிவகங்கை போய் மனுக் கொடுத்ததும் சிக்கலில்லாமல் முடிந்தது. அலைச்சலெல்லாம் கல்லூரித் தேர்வுப் பிரிவில்தான்.

ரைட்டர், அதாவது நாம் சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தருபவர், ஏன் வேண்டாம் என்று பலர் கேட்டார்கள். நாமே அழைத்துவரும் ரைட்டர் நம்மைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2018 நெறிமுறை வைத்த விதி. எனக்கு வந்த பிளஸ் டூ பெண் நல்ல பிள்ளைதான். ஆனால் பிரிட்டிஷ் கால நிலவரி முறையான 'ரயத்துவாரி' என்று நான் சொன்னால் எழுத்துக்கூட்டித் தரச் சொல்வாள். பெயருக்குப் பெயர் நின்று நின்று போனால் பத்து மதிப்பெண் கேள்வி எப்போது முடியும்? அதுவும் இந்த முறை அவளுக்கே பரீட்சை.

தேர்வுப் பிரிவில் போய்க் கேட்டேன். "ஏம்மா, இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லையே. பேசாம ரைட்டர் வெச்சுக்க" என்றார் அங்கிருந்தவர். விடாமல் நின்றதும், "சரி, ரைட்டர் இல்லேன்னா கூடுதல் நேரமும் கிடையாது, பார்த்துக்க" என்றார்.

அங்கேதான் எரிச்சல் வந்தது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை 29.08.2018 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. பிரெயில், கணினி, பெரிய எழுத்து, பதிலை ஒலிப்பதிவு செய்வது என்று எப்படி எழுதுவது என்பதைத் தேர்வரே தேர்ந்துகொள்ளலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர் ரைட்டர் வைத்துக்கொள்ளாவிட்டாலும் 3 மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரலாம் என்றும் இருக்கிறது. தம்பியை விட்டு பிரின்ட் எடுத்து, அந்த வரிகளுக்கு அடிக்கோடு போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். முகத்தை நான் பார்க்கவில்லை, குரல் மாறியது தெரிந்தது. "பிரின்சிபால்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாம்மா" என்றார்.

கையெழுத்து வாங்கிக் கொடுத்த கடிதம் காணாமல் போனது. துறைத்தலைவர் மேசையிலா, தேர்வுப் பிரிவிலா என்று இன்றுவரை தெரியாது. மறுபடி எழுதி, மறுபடி கையெழுத்து. யார் எது கொடுத்தாலும் நகலில் தேதியோடு முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். வெட்கப்படாதீர்கள்.

கணினியைத் தேர்வுக்கு முந்தின நாளே சரிபார்க்க விட வேண்டும் என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் போய்ப் பார்த்ததால்தான் பிழைத்தேன். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளான என்விடிஏ-வை பென்டிரைவிலிருந்தே நிறுவாமல் ஓட்டலாம் என்று தைரியமாகப் போனால், ஆய்வகத்தில் யூஎஸ்பி பூட்டப்பட்டிருந்தது. லேப் அண்ணன் யாரிடமோ பேசித் திறந்துவிட்டார், அவர் நன்றாக இருக்கட்டும். அடுத்து குரல். ஆங்கிலம் படிக்கிறது, தமிழ் வந்தால் ஊமையாகிவிடுகிறது. விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரில் தமிழ்க்குரல் உண்டு, ஆனால் அதை இறக்க இணையம் வேண்டும், அங்கே கிடையாது. என்விடிஏ விசையோடு கன்ட்ரோல், எஸ் அழுத்தி, கூடவே வரும் ஈஸ்பீக் என்ற குரலுக்கு மாற்றிக்கொண்டேன். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும், பழகிவிட்டால் வேகமாகக் கேட்கலாம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 10-இலேயே இருக்கிறது. மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். ஹெட்போன் நம்முடையதையே கொண்டுபோவது நல்லது.

சரி, படிப்பதற்கு? துறையில் கொடுத்த வினா வங்கி டி.டி.பி. சென்டரில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'தமிழ்' என்பதே ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இருந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், திரைவாசிப்பானுக்கு வெறும் உளறல். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010-இல். டி.டி.பி. சென்டர்களுக்கு இன்னும் தகவல் போகவில்லை போலிருக்கிறது! பிடிஎஃப் வாங்காமல் வேர்ட் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றியில் போட்டால் யூனிகோடாகிவிடும். ஸ்கேன் செய்த பக்கங்களைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். தமிழ் நன்றாகவே வருகிறது, அட்டவணை மட்டும் குழம்பும். நாங்கள் குடியிருப்பது கண்டனூரில் ஒரு பழைய செட்டியார் வீட்டின் பின்கட்டில். அந்தச் சுவருக்குள் டவர் எடுக்காது. ஒவ்வொரு முறையும் முகப்புக்கு வந்துதான் ஏற்றினேன். "இந்தப் பொண்ணு யார்கிட்ட இம்புட்டு நேரம் பேசுது" என்று வீட்டுக்கார ஆச்சிக்கு ஒரே கவலை.

இவ்வளவும் செய்துவிட்டு முதல் தேர்வுக்குப் போனால், கேள்வித்தாள் காகிதத்தில் வந்தது. கணினியில் எழுத அனுமதித்தவர்களுக்கு, கேள்வியையும் கணினியில் தர வேண்டும் என்று தோன்றவே இல்லை. கண்காணிப்பாளர் மேடம் வாசித்துக் காட்டினார், நான் வேர்டில் அடித்து வைத்துக்கொண்டேன். அதற்குப் போன நேரத்தை அவரே மேலிடத்தில் பேசிக் கூட்டித் தந்தார். இன்னொரு தாளில் கரண்ட் போனது, யூபிஎஸ் காப்பாற்றியது. முடிந்ததும் பிரின்ட் எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. அவ்வளவுதான். என் பதிலை நானே திரும்ப வாசித்துத் திருத்தியது இதுதான் முதல் தடவை. ரயத்துவாரியை யாருக்கும் எழுத்துக்கூட்டவில்லை.

அடுத்த செமஸ்டருக்குக் கேள்வித்தாளை யூனிகோடில் மின்கோப்பாகத் தரச் சொல்லி இப்போதே கடிதம் கொடுத்துவிட்டேன். "இன்னும் ஆறு மாசம் இருக்கேம்மா" என்றார் அதே மனிதர். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.