டைட்டர் நன்றாக இருந்தும் ரேபிஸ் ஊசி போட்ட கதை

எங்கள் ஜூலி பொமரேனியன், ஆறு கிலோ இருப்பாள். போன வருடம் 'செவன் இன் ஒன்' என்னும் பல நோய்க்கான கூட்டு ஊசியும் ரேபிஸ் ஊசியும் ஒரே நாளில் போட்டார்கள். சாயங்காலம் முகம் வீங்கி, கண் இரண்டும் கோடாகிவிட்டன. காதோரம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, தரையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஓடிப்போய் அவில் என்ற ஒவ்வாமை ஊசி போட்ட பிறகு இரவுக்குள் வடிந்தது. அதனால் இந்த வருடம் தேதி நெருங்கியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அமெரிக்காவில் இருக்கும் அக்கா, "அங்கே ஏன் வருஷா வருஷம் குத்துறாங்க? இங்கே மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான்" என்றாள். அவள் சொன்னது சரிதான். இங்கே ஜூலிக்குப் போடும் நோபிவாக் ரேபிஸுக்கே பிரிட்டனில் மூன்று வருடக் கணக்குதான். உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கமும், மூன்று வருட அனுமதி பெற்ற மருந்து என்றால், உள்ளூர்ச் சட்டம் இடம் கொடுத்தால், மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்கிறது. சிக்கல் அந்த 'உள்ளூர்ச் சட்டம்' என்பதில்தான்.

டாக்டரிடம் கேட்டேன். ரத்தம் எடுத்து, ஊசியால் உடம்பில் உருவான எதிர்ப்புப் பொருள், அதாவது ஆன்டிபாடி எவ்வளவு என்று பார்க்கலாம் என்றார். ஐரோப்பாவுக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்கள் செய்யும் அதே டைட்டர் பரிசோதனை. மில்லிக்கு 0.5 யூனிட் இருந்தால் பாஸ். ஊசியைவிடப் பல மடங்கு செலவு, முடிவு வரவும் நாளாகும். ஜூலிக்கு அந்த வரம்புக்கு மிக மேலேயே வந்தது. அப்பாடா, இந்த வருடம் தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"இது ஃப்ளைட் ஏறத்தான் உதவும், லைசென்ஸுக்கு உதவாதும்மா" என்று சிரித்தார் டாக்டர். சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்துக்கு வருடம் 50 ரூபாய்தான். ஆனால் நடப்புத் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். 2025இல் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்துவிட்டார்கள். ஐரோப்பியப் பயணத்திலும், ஊசி விடாமல் தொடர்ந்தால்தான் பழைய டைட்டர் செல்லும்.

அவர் சொன்ன இன்னொரு காரணம்தான் என்னை யோசிக்க வைத்தது. நாளைக்கு ஜூலி யாரையாவது கடித்தால், கடிபட்டவர் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி 'ஊசி போட்டிருக்கா?' என்பதுதான். அப்போது டைட்டர் பேப்பரை நீட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஊசியின் பலன் எத்தனை வருடம் நிற்கும் என்று பார்க்க, அமெரிக்காவில் நிதி திரட்டி ஒரு ஆய்வு நடத்தி 2020இல் வெளியிட்டார்கள். ஊசி போட்டு ஆறரை வருடம் கழித்தும் பெரும்பாலான நாய்கள் ரேபிஸ் கிருமியைத் தாக்குப்பிடித்தன, எட்டாவது வருடத்தில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் பரிசோதித்த நாய்கள் மிகக் கொஞ்சம், அதுவும் ஆய்வகத்தில் வளர்ந்தவை. நம் ஊரில் மின்வெட்டில் ஃப்ரிட்ஜ் நின்றுபோன கடையில் வாங்கிய மருந்துக்கு அந்தக் கணக்கு பொருந்துமா?

எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. குட்டியில் ஒன்று, அடுத்த வருடம் ஒன்று என்று ஒழுங்காகப் போட்ட நாய்க்கு மூன்று வருடம் கொடுப்பதில் தவறில்லை. 2024 கணக்கெடுப்பில் சென்னைத் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். ஆபத்து அங்கே இருக்கிறது, ஊசிப் புத்தகமும் கையுமாக வரிசையில் நிற்பது நாங்கள்.

சரி, போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் எப்படிப் போடுவது? ஒரே வேளையில் பல ஊசி போட்டால் ஒவ்வாமை வரும் வாய்ப்பு சிறிய நாய்களுக்குத்தான் அதிகம். அதனால் ரேபிஸ் மட்டும் தனியாக, காலையிலேயே. முன்னதாக ஒவ்வாமை மருந்து. ஃப்ரிட்ஜிலிருந்து என் கண்ணெதிரே குப்பியை எடுத்து, அதன் ஸ்டிக்கரை உரித்துப் புத்தகத்தில் ஒட்டினார். தேதியை நானும் படித்துப் பார்த்துக்கொண்டேன். அரை மணி நேரம் கிளினிக் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். ஊசி போட்ட இடத்தில் சுண்டைக்காய் அளவு கட்டி வந்தது, சில நாளில் கரைந்தது. முகம் வீங்கவில்லை.

சான்றிதழில் சிப் எண்ணையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஏற்றி விண்ணப்பித்தேன், உரிமம் வந்துவிட்டது. அந்த 'செவன் இன் ஒன்' ஊசி சில வாரம் கழித்து. அதில் எலிக்காய்ச்சலுக்கான பகுதி மட்டும் வருடாவருடம் கண்டிப்பாக வேண்டுமாம். அதற்கு நான் வாதாடவில்லை, எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் தேங்கும் லட்சணம் அப்படி.