விதையில்லாத ஏத்தனும் சிற்றினம் என்ற சொல்லும்

போன வாரம் எங்கள் விளையில் வெட்டிய குலையிலிருந்து ஓர் ஏத்தன்பழத்தை, அதாவது நேந்திரன் வாழைப்பழத்தைக் குறுக்கே நறுக்கியபோது, நடுச்சதையின் மூன்று பகுதிகளிலும் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தெரிந்தன. விதையாக முடியாமல் போன சூல்கள் அவை. பள்ளியில் நான் மனப்பாடம் செய்த சிற்றினத்தின் இலக்கணம் அந்தப் புள்ளிகளில்தான் இடறுகிறது.

தம்முள் இணைந்து வளமான சந்ததியை ஈனுவதும், பிற கூட்டங்களோடு கலக்காததுமான உயிர்க்கூட்டமே சிற்றினம் என்று 1942-இல் பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் வகுத்தார். குதிரையும் கழுதையும் சேர்ந்து கோவேறு கழுதை பிறந்தாலும், அது மலடு என்பதால் பெற்றோர் வெவ்வேறு சிற்றினங்களே. ஏத்தனோ மூசா அக்யூமினேட்டா, மூசா பால்பிசியானா என்னும் இரு காட்டு வாழைகளின் கலப்பு. முன்னதிலிருந்து இரண்டு குரோமோசோம் தொகுதிகளும் பின்னதிலிருந்து ஒன்றுமாக அதற்கு 33 குரோமோசோம்கள். மும்மூன்றாக நிற்பவை சரியாக இணைசேர்ந்து பிரிய முடியாததால் விதை பிடிப்பதில்லை. கன்று பெயர்த்து நட்டே தலைமுறைகளாக வளர்த்து வருகிறோம். இணையவே இணையாத உயிரை அந்த இலக்கணத்தில் எங்கே வைப்பது? உயிர்களுக்கு இருசொற்பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753-இல் மூசா பாரடிசியாகா என்று தனிச் சிற்றினமாகவே வாழைக்குப் பெயரிட்டார். இன்று அப்பெயரின் நடுவே பெருக்கல் குறியிட்டுக் கலப்பினம் என்று காட்டுகிறார்கள். நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் பேயனையும் ஏத்தனையும் செந்துளுவனையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம், ஆனால் தோற்றமும் முழுச் சாட்சியல்ல.

நம் குமரி மாவட்டத்தின் மலைகளும் சேர்ந்த அசம்பு மலைத்தொடரின் சோலைக்காடுகளில் ஒரு சிறு பறவை உண்டு. பெயரில் கிளி ஒட்டிக்கொண்டிருந்தாலும், சோலைக்கிளி உண்மையில் ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. மலையுச்சிக் குளிரைவிட்டு இறங்காத இப்பறவைக்குச் செங்கோட்டைக் கணவாயின் வெப்பத் தாழ்நிலம் கடல்போல் நிற்கிறது. வடக்கே உள்ள உறவுகளோடு கலப்பு நின்றுபோனபின், இரு பக்கமும் மரபணு மாற்றங்கள் தனித்தனியே சேர்ந்துகொண்டே போயின. புதிய சிற்றினம் பெரும்பாலும் இப்படித்தான் பிரிகிறது. 2017-இல் தெற்குப் பறவைக்கு ஷோலிகோலா அஷம்புவென்சிஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். காட்டில் சந்திக்கவே வாய்ப்பில்லாத இரு கூட்டங்கள் சந்தித்தால் இணையுமா என்று பார்க்க வழியில்லாததால், மரபணுவையும் உடலளவையும் இறகு நிறத்தையும் பாட்டையும் ஒப்பிட்டுத்தான் அந்த முடிவை எடுத்தார்கள்.